மூக்குப்பேணியில் சீனப் பாயாசம்

கலியாணப் பேச்சு நடக்கிற நாளில் மாப்பிள்ளையாகப்பட்டவன் முகத்துக்குப் பவுடர் பூசுவதற்கு முன்னால் ஒருமுறை குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்தப் புத்திமதியை எந்தச் சாத்திரியாரும் எனக்குச் சொல்லவில்லை. பொருத்தம் பார்த்தவர் செவ்வாய் பார்த்தார், சனி பார்த்தார், அடுப்பில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று மயிரை வகிடு பிரித்துக்கொண்டிருந்தேன். (அப்போது பிரிப்பதற்கு மயிர் இருந்தது.)

எனக்கு அந்த நாளில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. கப்பல் வந்து நங்கூரம் போட்டதும் லாஞ்சில் போய் ஏறி, கப்டனுக்குத் தண்ணீர் வேண்டுமா, மரக்கறி வேண்டுமா, டாக்டர் வேண்டுமா என்று கேட்டு வர வேண்டும். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் ஒரு தோல் பை. பைக்குள் முக்கியமான பத்திரங்கள் இருப்பதாக ஊரார் நம்பினார்கள். பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்தான் இருக்கும்.

அந்த வேலையில் எனக்கிருந்த பெரிய சந்தோஷம் கப்பல்கள் அல்ல. திங்கட்கிழமை காலையில் மூதூருக்குப் போகிற லாஞ்சைப் பிடிக்க ஒரு ரீச்சர் இறங்குதுறைக்கு வருவார். பெயர் ஞானேஸ்வரி. கட்டைபறிச்சானில் படிப்பித்தார். வாரம் முழுக்க அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்து வெள்ளிக்கிழமை திரும்புவார். அவர் லாஞ்சில் ஏறும்வரை நான் கடல் மட்டத்தை அளக்கிறவனைப்போல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படியிருக்க, என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒருநாள் கொண்டுவந்த சாதகம் அவருடையதாக இருந்தது. பிள்ளையாருக்கு ஒரு வண்டில் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். (பிறகு ஒன்றே ஒன்றுதான் உடைத்தேன். பிள்ளையார் பெருந்தன்மையானவர்.)

சாதகம் பொருந்திவிட்டது. பொருந்தாமல் நின்றவர் பெண்ணின் தகப்பனார். சதாசிவம் ஐயா இளைப்பாறிய தபாலதிபர், சுத்த சைவம். மீன் சந்தைப் பக்கமாகப் போக நேர்ந்தால் வீட்டுக்கு வந்து தலை முழுகுகிறவர். முட்டை என்ற சொல்லையே வாயால் சொல்லாமல் ‘அந்த வெள்ளைச் சாமான்’ என்பார். நாங்களோ வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீனோடு உறவு கொண்டாடுகிற சனம். நீண்ட யோசனைக்குப் பிறகு அவர் மாமாவிடம் சொல்லியனுப்பியது இது:

“மாப்பிள்ளை கேட்டு வாறன். ஆனா ஒரு வெள்ளிக்கிழமைதான் வருவன். அண்டைக்குத்தான் அந்த வீட்டுச் சட்டிபானை சுத்தமா இருக்கும்.”

எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்து அறிவிப்பாராம்.

இந்த நிலையில்தான் தேயிலை ஏற்ற ஒரு கப்பல் வந்தது. அதன் குக் ஒரு சீனர், ஹொங்கொங் பக்கத்தவர். எங்கள் லாஞ்ச் ஓட்டி நசீர் கிண்ணியாக்காரன், என் கூட்டாளி. அவன் கொட்டியாரக் குடா நண்டு கொஞ்சத்தைக் கொண்டுபோய்க் குக்கிடம் கொடுத்தான். நண்டைக் கண்டதும் அந்த மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் இருவரையும் கப்பல் குசினிக்குள் இருத்தி, ஆளுக்கொரு கோப்பை நீட்டினார். ஆவி பறக்கிற சாறு, அதற்குள் மஞ்சள் நிறத்தில் நீளநீளமாக இழைகள், மேலே வெங்காயத்தாள். இழை முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுப்பொட்டாய் ஏதோ ஒட்டியிருந்தது.

நான் உடனே குனிந்தேன். பன்றி இறைச்சி தொடாத நசீர் என் தோளைப் பிடித்தான்.

“மச்சான், சும்மா அள்ளாத. இதுல பண்டி கிண்டி கெடக்கா எண்டு முதல்ல கேளு.”

கேட்டேன். குக்குக்கு இங்கிலீசு அரைகுறை, எனக்கு முக்கால்குறை. கடைசியில் அவர் ஒரு காய்ந்த இறாலை எடுத்து மல்லாத்தி, வயிற்றைக் காட்டி, பிறகு இழையிலிருந்த பொட்டுகளைக் காட்டினார்.

“இறால் சினை!” என்றான் நசீர். “அல்ஹம்துலில்லாஹ்.” கோப்பையை இழுத்துக்கொண்டான்.

ஆளுக்கு இரண்டு குச்சிகள் தரப்பட்டன. அந்தக் குச்சிகளால் ஓர் இழையைப் பிடித்து வாய்வரை கொண்டுவந்தேன். அது கடைசி நேரத்தில் மனம் மாறி என் வெள்ளைச் சேட்டில் இறங்கியது. இன்னொன்று காதுப்பக்கம் போனது. பொறுமை இழந்து, சாற்றை ஒரு பக்கம் வடித்துவிட்டு, கையால் குழைத்து உருண்டை பிடித்தேன். குக் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஆனால் அந்த ருசி! கடலையே நெய்யில் வறுத்ததுபோல் ஒரு வாசம். அன்றிலிருந்து சீனச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்குப் பட்டது.

கப்பல் புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் குக் எங்களுக்கு ஒரு பார்சல் தந்தார். உள்ளே காய்ந்த இழைகள், சிறுசிறு கூடுகளாகச் சுற்றியபடி. அன்று மத்தியானமே நசீர் லாஞ்சின் பின்பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, சிலதைப் போட்டு அவித்தான். சாறு கீறு ஒன்றும் கிடையாது. நண்டுக் குழம்பு, தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, எண்ணிப் பார்க்காமல் பச்சைமிளகாய். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடச் சாப்பிட்டோம். “இப்பதான் மச்சான் இது சாப்பாடு,” என்று சொல்லி நசீர் சீன தேசத்தையே ஒரு படி உயர்த்தி வைத்தான்.

மீதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று வியாழக்கிழமை. வியாழன் பின்னேரமே அம்மா குசினியைக் கழுவி, மீன் சமைக்கிற மச்சச் சட்டிகளை வெளியே தள்ளி, வெள்ளிக்கிழமைக்குரிய சட்டிகளை உள்ளே எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு இறால் என்ற பேச்சே குசினிக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால் திரும்பவும் கழுவ வேண்டும், கழுவ வேண்டியவன் நான். ஆகவே கூடுகளை ஒரு வெள்ளைக் கடுதாசியில் சுற்றி, குசினி அலுமாரியில் சீனிப் பேணிக்குப் பின்னால் சத்தமில்லாமல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துச் சமைத்து அம்மாவை அசத்துவதாகத் திட்டம்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்குச் செய்தி வந்தது. சதாசிவம் ஐயா அன்று பின்னேரமே வருகிறாராம்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடைக்கு உழுந்து ஊறப்போட்டார். பாயாசத்துக்குச் சேமியா தேடினார். மாவுத் தட்டுப்பாட்டில் சேமியாவைக் கண்ணால் காண்பதே அதிசயமாக இருந்த காலம் அது. பாணுக்கே விடிய முதல் வரிசையில் நிற்க வேண்டும். சங்கக் கடையில் இல்லை, பக்கத்து வீட்டில் இல்லை. வேண்டாத தெய்வமெல்லாம் வேண்டிக்கொண்டு சீனிப் பேணியை எடுக்கப் போன அம்மாவுக்கு அதன் பின்னால் தெய்வம் வெள்ளைக் கடுதாசியில் சுற்றி வைத்திருந்தது தென்பட்டது.

நான் வந்தபோது குசினிப் பக்கம் நெய்யும் முந்திரிகையும் மணத்தன. குளித்தேன், வேட்டி கட்டினேன், முன்னர் சொன்ன வகிட்டைப் பிரித்தேன். நேரே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சதாசிவம் ஐயாவும் அவர் மனைவியும் வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, தோளில் மடித்த சால்வை, தபால் முத்திரை குத்தியதுபோல் நேர்த்தியான ஒரு சந்தனப் பொட்டு. மாமா என்னைப் பற்றி ஒரு பாட்டம் அளந்தார். துறைமுகமே என் தலையில் ஓடுவதாகவும், கப்டன்மார் என்னைக் கேட்காமல் நங்கூரம் தூக்குவதில்லை என்றும் சொன்னார். ஐயா எல்லாவற்றுக்கும் “ம்” என்றார். கடைசியில் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பி வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவரோ?”

“ஓம் ஐயா. தவறவிடுறேல்லை.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார். “அப்ப எங்களுக்குச் சம்மதம்” என்றார் ஐயா.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொம்பிளை வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வந்த வீட்டில் பேச்சு ஒத்துவரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஒத்துவந்தால் இனிப்பாக ஏதும் வாயில் விடுவார்கள். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் பின்வாங்க ஏலாது. நனைக்காமல் எழும்பினால் அந்த வீட்டுக் கதை அவ்வளவுதான்.

அம்மா பாயாசம் கொண்டுவந்தார். மற்றவர்களுக்குத் தம்ளர். ஐயாவுக்கு மட்டும் புளி போட்டு மினுக்கிய பித்தளை மூக்குப்பேணி. ஆசாரமானவர்கள் எச்சில் படாமல் அண்ணாந்து வாயில் விடுவதற்கென்று குருவி மூக்குப்போல் ஒரு குழாய் வைத்த பாத்திரம் அது. தண்ணீருக்கும் மோருக்கும் கண்டுபிடித்த சாமான். சீனாவில் செய்த இழைகள் அதற்குள்ளால் போகுமா என்று கண்டுபிடித்தவன் யோசித்திருக்கமாட்டான்.

ஐயா சிவசிவா என்று சொல்லிவிட்டு அண்ணாந்தார். பேணியைச் சரித்தார். ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை. இன்னும் சரித்தார். மூக்கின் நுனியில் ஓர் இழை மட்டும் எட்டிப் பார்த்து ஆடிக்கொண்டு நின்றது.

‘சேமியா இவ்வளவு நீளமாக இருக்காதே’ என்று நினைத்து என் தம்ளருக்குள் பார்த்தேன். பால், சர்க்கரை, முந்திரிகை. நடுவில் மஞ்சள் இழை. இழையில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள். மூக்கருகே கொண்டுபோனேன். ஏலக்காய்க்கும் நெய்க்கும் பின்னாலிருந்து கொட்டியாரக் குடா முழுதும் எழும்பி வந்தது.

“குடிக்காதேங்கோ!” என்று கத்திக்கொண்டு எழும்பினேன்.

ஐயா திடுக்கிட்டார். பேணி முழுவதும் அவர் நெஞ்சில் கவிழ்ந்தது. சால்வையில் பால் ஓடியது, பூணூல் போட்டதுபோல் இழைகள் குறுக்கே கிடந்தன. மாப்பிள்ளை எழும்பி நின்று கை நனைக்காதே என்று கத்தினால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான்.

“தம்பிக்கு என்ர மகளில விருப்பமில்லையோ?” என்றார் ஐயா, மிக மெதுவாக.

“விருப்பம் ஐயா! சரியான விருப்பம்! பாயாசத்திலதான் விருப்பமில்லை.”

“என்ர பாயாசத்தில என்னடா பிழை?” என்று அம்மா முன்னுக்கு வந்தார்.

“அது சேமியா இல்லை அம்மா. கப்பல்ல தந்தது.”

“கப்பல் சேமியா எண்டா திறம்தானே. ஏலக்காயும் தூவியெல்லோ செய்திருக்கிறாங்கள்.”

“அது ஏலக்காய் இல்லை அம்மா.”

“அப்ப என்ன?”

சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்கு அன்று மூக்கடைத்த தடிமன், ஒரு மணமும் பிடிபடவில்லை. சாமிக்கு வைக்காமல் ருசி பார்க்கிற பழக்கமும் இல்லை. அப்போதுதான் எல்லோருக்கும் இன்னொன்று உறைத்தது. சாமியறையில் பிள்ளையார் ஏற்கெனவே ஒரு கிண்ணம் வாங்கியிருந்தார்.

இந்த நேரத்தில் என் மாமா நிலைமையைக் காப்பாற்ற முனைந்தார். “அண்ணை, அது காஞ்ச இறால். காஞ்சாப் பிறகு சைவம் மாதிரித்தான்.”

சதாசிவம் ஐயா எழும்பினார். கிணற்றடிக்குப் போனார். கழுத்து, நெஞ்சு, கை எல்லாம் கழுவினார். நெடுநேரம் வாயைக் கொப்பளித்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்து, திரும்பிப் பாராமல், “போறம்” என்றார். போயிட்டு வாறம் என்று சொல்லவில்லை. சாவீட்டிலிருந்து மட்டுந்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சனியும் ஞாயிறும் நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. அம்மா குசினியை மேலிருந்து கீழ்வரை கழுவுவித்தார். கழுவியவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையார் படத்தைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் இறங்குதுறைக்குப் போகாமல் விடலாமா என்று யோசித்தேன். கால் கேட்கவில்லை. வழமைபோலக் கடல் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

“நீங்கள்தானே பாயாசக்காரர்?”

ஞானேஸ்வரி ரீச்சர். கையில் குடை. நான் பேசுவதற்கு எடுத்துவைத்திருந்த அத்தனை வசனமும் கடலில் விழுந்துவிட்டது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“அப்பா சனிக்கிழமை முழுக்க வாய் திறக்கேல்ல. நேற்று விடியக் கோணேசர் கோயிலுக்குப் போய், கடல்ல முழுகிட்டு வந்து, அம்மாவைக் கூப்பிட்டு ஒரு கதை சொன்னவர்.”

“என்ன கதை?”

“பேணி மூக்கு அடைபட முதல் ஒரு மிடறு உள்ள போயிட்டுதாம்.”

அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் காத்த விரதத்தை நான் ஒரே மிடறில் முடித்துவிட்டேன். “ஐயோ, இனி என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறது? கலியாணம்தான்” என்றார் ரீச்சர்.

“கலியாணமோ?” என்றேன்.

“கை நனைச்ச வீட்டை விட்டுட்டு வேற மாப்பிள்ளை பாக்கேலாதாம். குடிக்கேல்ல எண்டு பொய் சொல்லவும் ஏலாதாம். எந்தப் பக்கத்தால போனாலும் அவற்ற நியாயம்தான் அவரை மறிக்குது. இறங்கினது இறங்கினதுதானே எண்டிட்டார்.” சிரிப்பை அடக்கக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை மட்டும் குலுங்கியது. பிறகு குடைக்குள்ளிருந்து கேட்டார்: “அது உண்மையாவே நல்லா இருக்குமோ? பாயாசமில்லை. அந்தச் சீனச் சாப்பாடு.”

“நீங்கள் சைவமெல்லோ?”

“கட்டைபறிச்சான்ல நானிருக்கிற வீட்டில நல்ல மீன்குழம்பு வைப்பினம்” என்றார். “அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

லாஞ்ச் ஊதியது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் துறைமுகத்தைச் சுற்றி மூன்று முறை ஓடலாம் போலிருந்தது. ஓடவில்லை, வெள்ளைக் காற்சட்டைக்கு மரியாதை கொடுத்து நடந்தேன்.

கலியாணம் நடந்தது. பாயாசம் சவ்வரிசியில் வைக்கப்பட்டது. சதாசிவம் மாமா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியைச் சுளகில் பரப்பி, தபால் தரம் பிரிக்கிற மாதிரி மணிமணியாகப் பார்த்த பிறகுதான் அது பானைக்குள் போனது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் கேட்கிற நிலையில் எங்கள் பக்கத்தில் யாருமில்லை.

கப்பல்காரர் தயவால் அந்த இழைகள் இடைக்கிடை எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஞானம் அதற்குத் தன் வழியொன்று கண்டுபிடித்தாள். நசீர் செய்வதுபோல் அவித்துக் கொட்டாமல், இடியப்பத் தட்டில் வைத்து நீராவியில் அவிப்பாள். மேலே சொதி, பக்கத்தில் சம்பல், கிடைத்தால் நண்டு. நசீர் வந்து சாப்பிட்டுவிட்டு, இது தன்னுடைய சாப்பாடுதான் என்றும், அவள் பேரை மாற்றிவிட்டாள் என்றும் வழக்குப் பேசுவான். அந்தச் சீனக் குக் மறுபடி ஒருமுறை வந்தபோது அவரையும் கூட்டிவந்தோம். தன் ஊர்ச் சாமானை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குச்சியால் ஒரு வாய் வைத்தார், கண் கலங்கியது, தண்ணீர் கேட்டார். பிறகு குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் குழைக்கத் தொடங்கினார். எனக்கு அன்று வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

பகிடிதான் தங்கிவிட்டது. தொடக்கிவைத்தவர் அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கலியாணம் பேசினால் ‘முற்றாகிவிட்டதா’ என்று ஒருவரும் கேட்பதில்லை. “இறால் இறங்கிட்டுதோ?” என்றுதான் கேட்பார்கள். குழந்தைகள்கூட விளங்காமலே கேட்கும். சதாசிவம் மாமாவுக்கு முன்னால் மட்டும் எவரும் மூச்சுவிடுவதில்லை. அவர் வந்தால் பேச்சு மழை தண்ணிக்கு மாறிவிடும். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஞானத்தின் தங்கைக்குக் குச்சவெளியில் ஒரு மாப்பிள்ளை பேசிவந்தது. நல்ல இடம், ஆனால் இழுபறி. சதாசிவம் மாமா தனியாகப் பஸ் ஏறிப் போனார். பின்னேரம் அவர் திரும்பும்வரை வீடே வாசலில் காத்துக்கிடந்தது. தங்கச்சிக்காரி அறைக்குள்ளிருந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படலையைத் திறந்து வந்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், கால் கழுவினார். அவர் முகத்தில் எதையும் வாசிக்க முடியாது, தபால் கந்தோரில் பழகிய முகம். எங்களில் ஒருவருக்கும் கேட்கத் துணிவில்லை. மாமிதான் பொறுக்கமாட்டாமல், “என்னப்பா, போன காரியம் என்னாச்சு?” என்றார்.

மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார். எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“இறால் இறங்கிட்டுது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.